கப்பல் காத்திருந்தது என்று சொன்னேன்

போன ஆடி மாதம் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் பாய்லர் பார்த்துக்கொள்கிறவன். ஊர் ஆரம்பாக்கம். கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது, அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். எனக்குச் சேற்றில் இறங்குவதைவிட ரயிலில் ஏறுவதுதான் சின்ன வயதிலிருந்தே பிடித்திருந்தது. இந்த விஷயத்தை என் மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பாய்லர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நேரம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து எதிரில் நின்றால்தான் நாம் நகரலாம். அந்த ஆளை ரிலீவர் என்போம். ஷிப்ட் எப்படி மாறினாலும் எனக்கு அடுத்து வருகிறவன் ஒரே ஆள்தான். பல வருஷமாக அப்படித்தான். நான் காலை என்றால் அவன் மதியம். நான் மதியம் என்றால் அவன் ராத்திரி. ஒன்றாகச் சேர்ந்து ஒரு முழு நாள் வேலை செய்ததே கிடையாது. அவன் கால் மணி நேரம் முன்னாடி வருவான், அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் நட்பு. அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் போக முடியாது, என் வீட்டு விசேஷத்துக்கு அவன் வர முடியாது. ஒருவன் லீவு போட்டால் இன்னொருவன் மாட்டிக்கொள்வான்.

அவன் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் பிறந்தவன். இப்போது குடும்பத்தோடு பொன்னேரியில் இருக்கிறான். எங்கள் இருவருக்கும் வயது ஒன்றுதான். அம்பதைத் தாண்டிவிட்டோம்.

அந்தக் கால் மணி நேரத்தில் முதல் வேலை, பாய்லரை ஒப்படைப்பது. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பம்ப் சத்தம் போடுகிறதா, எந்த வால்வில் கசிவு, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ரெஜிஸ்டரில் எழுதுவது ஆபீசுக்கு, வாயால் சொல்வது எங்களுக்கு. நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுவேன். இதில் வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்தவன் உயிர் போய்விடும். அதனால் அவன் சொன்னதை நான் திரும்பச் சோதித்துப் பார்த்ததில்லை, நான் சொன்னதை அவனும் சோதித்ததில்லை.

அது முடிந்ததும் ஊர்க்கதை. ஊர்க்கதையில் பாதி, ராக்கெட் படம்.

எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஓர் ஆங்கிலத் தொடர் வரும். விண்வெளிக் கப்பலில் கொஞ்சம் பேர் கிரகம் கிரகமாகப் போவார்கள். தொடரின் பேர் எங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் வாயில் நுழைந்திருக்காது. ராக்கெட் படம் என்போம். ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்தது. வாசல்படி வரைக்கும் உட்கார்ந்து பார்ப்போம். ஒரு வார்த்தை புரியாது. யார் முறைக்கிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்பதை வைத்து நாங்களே கதை கட்டிக்கொள்வோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பாய்லர் பக்கத்து மீட்டர்களைப் பார்த்து, "இன்னாபா, ராக்கெட் படம் மாதிரி கீது" என்று அவன் சொன்னான். அவனும் அதைப் பார்த்திருக்கிறான், அவர்கள் குப்பத்துப் பஞ்சாயத்து டிவியில். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து ஆரம்பித்தது.

அதிலும் ஒரே ஒரு வாரத்துக் கதையில் வந்து முட்டிக்கொண்டு நிற்போம். கப்பல் ஒரு கிரகத்துக்குப் போகிறது. அங்கே தரையே இல்லை, முழுக்கக் கடல். ஓர் ஆள் சின்னப் படகு மாதிரி ஒன்றில் தனியாகக் கீழே இறங்குகிறான். புயல் வருகிறது. மேலே கப்பலில் கோளாறு. சீக்கிரம் கிளம்பாவிட்டால் எல்லோருக்கும் ஆபத்து. கேப்டன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். படகுக்காரனைக் காணோம்.

முடிவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடும் என்பது என் கட்சி. இல்லை, கப்பல் காத்திருந்தது, படகுக்காரன் வந்து ஏறிக்கொண்டான் என்பது அவன் கட்சி.

எத்தனை வருஷம் இந்தச் சண்டை! "உனக்கு வயசாயி மறந்துபோச்சு" என்பான். "நீ தூங்கிட்டிருப்ப" என்பேன். கேன்டீன் ஆட்கள், வேன் டிரைவர், ஏன், பாய்லர் இன்ஸ்பெக்டரோடு வந்த ஒரு பையன் வரைக்கும் எங்கள் பஞ்சாயத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். நான் எதிலும் விட்டுக்கொடுக்காத ஆள். என் வீட்டில் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். அவனோ எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பான், இதில் மட்டும் மாட்டான்.

ஏன் மாட்டான் என்பதைச் சில வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் சொன்னான். என்னை ஸ்டேஷனில் விடும் கம்பெனி வேன் வரத் தாமதமானதால் அன்று கொஞ்சம் கூடுதலாகப் பேச நேரம் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அப்பா கடலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. முகத்துவாரம் தாண்டிப் போனவர். கூடப் போன படகுகள் காற்றுக்குப் பயந்து திரும்பிவிட்டன, அவருடையதை மட்டும் காணோம். பெரியவர்கள் எல்லாம் கரையில். பிள்ளைகள் அங்கே வந்து அழ வேண்டாமென்று பஞ்சாயத்துக் கட்டடத்தில் டிவியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். இவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணனையும் கூட உட்கார வைத்தார்கள். அண்ணனுக்கு அப்போது மீசை முளைக்கிற வயது. பார்த்தால் அன்றைக்கென்று டிவியிலும் கடல், புயல், காணாமல் போன படகு.

இவனால் பார்க்க முடியவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு அண்ணன் மடியில் கவிழ்ந்துவிட்டான். முடிந்ததும் சொல்லு என்றிருக்கிறான். அண்ணன் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாராம், கப்பல் நிற்கிறது, இன்னும் நிற்கிறது, அதோ வந்துவிட்டான், ஏறிவிட்டான் என்று.

அப்பா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, காரியம் செய்துவிடலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்தபோது, செய்யக் கூடாது, அப்பா வருவார் என்று இவன் மண்ணில் புரண்டு அழுதானாம். அதற்கப்புறமும் பள்ளிக்கூடம் விட்டதும் கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வானாம், ரொம்ப நாள்.

இதைக் கேட்ட பிறகும் நான் சண்டையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவனும் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சம் மெதுவாகச் சண்டை போட்டேன் என்று நினைக்கிறேன்.

போன ஆடியில் என் பெண்தான் பேச்சுவாக்கில், பழைய தொடர்கள் எல்லாமே இப்போது இன்டர்நெட்டில் கிடைக்கின்றன, பேர் தெரியாவிட்டாலும் கதையைச் சொன்னால் தேடித் தருகிறேன் என்றாள். சொன்னேன். தண்ணீர்க் கிரகம், படகு, புயல். சாப்பிட்டு முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். நாங்கள் இத்தனை வருஷம் கழுத்து நரம்பு புடைக்கப் பேசியது அவளுக்கு நாலு சொல் தட்டுகிற வேலை.

மறுநாள் வேலையில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் வீட்டு போனில் பார்க்கலாமே என்றும் சொன்னேன். "வேணாம்பா. நீயே பாத்துக்கினு வந்து சொல்லு. நீ சொன்னா சரி" என்றான். எனக்கு வார லீவு வந்தது. மகளுடைய லேப்டாப்பில் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த கப்பல், அட்டையில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டியது போல இருக்கிறது. கேப்டன் தட்டுகிற பொத்தான்களில் பாதி எதிலும் இணைக்கப்படவில்லை என்பது பாய்லர் பார்க்கிறவனுக்கு ஒரே பார்வையில் தெரிகிறது. அந்தப் பயங்கரக் கடல் ஒரு பெரிய தொட்டி. அலை அடித்துத் திரும்பும்போது தொட்டியின் விளிம்பு தெரிகிறது. கறுப்பு வெள்ளையில் சாம்பலாகப் பார்த்த தண்ணீர் உண்மையில் ஊதா நிறமாம். "இதுக்காப்பா இவ்ளோ வருஷம் சண்டை?" என்று மகள் கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. கப்பலில் ரேடியோ பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், கேப்டனோடு தர்க்கம் செய்கிறார்கள். அவள் மட்டும் காதில் மாட்டியதைக் கழற்றாமல் கீழே இருக்கிறவனின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள். கடைசியில் கேப்டன் அவள் தோளில் கை வைக்கிறார். அவள் நிறுத்தவில்லை. கப்பல் திரும்புகிறது. ஊதாத் தண்ணீரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அணைந்துபோகிறது. அவ்வளவுதான், பேர் ஓட ஆரம்பித்துவிட்டது.

நான்தான் ஜெயித்தேன். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. மகளிடம் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் போடச் சொன்னேன். அடுத்த வாரம் இந்தக் கதை தொடர்கிறதா என்று கேட்டேன். அடுத்த வாரத்தில் அதே கப்பல், அதே ஆட்கள், வேறொரு கிரகம். படகுக்காரன் உட்காருகிற இடத்தில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி படுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், என் ரிலீவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமென்று. அவன் நினைப்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு பழைய டிவித் தொடர். அட்டைக் கப்பல், தொட்டித் தண்ணீர். இதில் ஒரு பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். எதிலும் விட்டுக்கொடுக்காத நான் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். மதியம் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாபா, பாத்தியா? யாரு சொன்னது கரீட்டு?"

"நீ சொன்னதுதான்பா. கப்பல் நிக்குது. அவன் வந்து ஏறிடறான்."

குதிப்பான், விசில் அடிப்பான், வேன் டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் விறகு அடுக்கியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். "உன் கண்ணால பாத்தியா?" என்று கேட்டான். கண்ணால்தான் பார்த்தேன் என்றேன். ரெண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ எங்க அண்ணன் பொய் சொல்லல" என்றான்.

அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியாத பாதியைச் சொன்னான். அப்பா போன பிறகு அந்த அண்ணன்தான் படிப்பை விட்டுவிட்டு வலையைத் தோளில் போட்டவர். இவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர், பாய்லர் பரீட்சைக்குக் கூடவே வந்து வெளியில் நின்றவர். பல வருஷம் கழித்து அம்மா இறந்த வீட்டில் இருவருக்கும் ஏதோ ஒன்றுமில்லாத பேச்சில் வாய் தடித்துவிட்டது. அழுதுகொண்டிருந்த சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்லி, பைத்தியம் போலக் கரையில் உட்கார வைத்த ஆள்தானே நீ என்று எல்லோர் முன்னாடியும் இவன் கேட்டுவிட்டான். நான் பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன் என்று அவர் சொன்னார். இவன் நம்பவில்லை. அன்றிலிருந்து போக்குவரத்து நின்றுவிட்டது. பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய தூரம், ஆனால் வருஷக்கணக்காக இவன் போகவில்லை.

அண்ணனிடம் பொய்யன் என்று சண்டை போட்டவன், என்னிடம் இத்தனை வருஷமாக அதே அண்ணனுக்கு வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறான். யாராவது ஒருவர் அது உண்மைதான் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான். சொல்லிவிட்டேன், நான்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். இருப்பா, நான் சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை. கொஞ்சம் கோபப்பட்டிருப்பான், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான், முடிந்திருக்கும். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்த பிறகு, பையை எடுத்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவனுடைய வார லீவு அன்று அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். அன்று காலை எனக்கு நாஷ்டா இறங்கவில்லை. பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டே அவனுக்கு போன் செய்தேன். பின்னால் ஒரே பஸ் சத்தம். "பழவேற்காடு பஸ்ல கீறேன்பா. ஸ்வீட்டு, பழம்லாம் வாங்கிக்கினேன். இன்னா விசயம்?" என்று சத்தமாகக் கேட்டான். அவன் குரலில் அப்படி ஒரு குதூகலத்தை நான் கேட்டதே இல்லை. ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொன்னது ஒரு தப்பு என்றால், அந்த போனை வைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

அங்கே நடந்ததை அவன் வேலைக்கு வந்த அன்று சொன்னான். முதலில் பாய்லரைப் பற்றித்தான் கேட்டான். தண்ணீர் எவ்வளவு, பம்ப் எப்படி, எல்லாம் வழக்கம்போல. பதில் சொன்னேன். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தான்.

வாசலில் அவனைக் கண்டதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டாராம். இவன் நேராகப் போய்க் காலில் விழுந்திருக்கிறான். நீ சொன்னது நிஜம்தான், எங்கள் கம்பெனி ஆள் பார்த்துவிட்டான், நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று அழுதிருக்கிறான். அண்ணன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம். அண்ணி அழுதார்களாம். மருமகள் ஓடிப்போய் வஞ்சிர மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாளாம். வீட்டில் கல்யாணக் களை.

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் இவனுக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கிறது. அண்ணன் வீட்டில் இன்டர்நெட் வருகிற பெரிய டிவி இருந்தது. பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அதைப் போடுங்கள், உங்கள் தாத்தா பொய் சொல்லாதவர் என்று நீங்களே பாருங்கள் என்றிருக்கிறான். என் மகள் கண்டுபிடித்துக் கொடுத்த தொடரின் பேரை நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

"எதுக்குடா இப்போ? மொதல்ல துன்னு" என்றாராம் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் சொன்னாராம். இவனுக்கு அப்போதும் புரியவில்லை. அண்ணன் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்து டிவிக்கு எதிரில் உட்கார வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள்.

எல்லோருமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் கண்ணைப் பொத்திக்கொண்ட இடத்தில் இந்த முறை இவன் பொத்திக்கொள்ளவில்லை. கப்பல் போய்விட்டது. விளக்கு அணைந்தது. பிள்ளைகள் திரும்பித் தாத்தாவைப் பார்த்தார்கள்.

"நீ அழுதுக்கினு கெடந்த. நான் வேற இன்னாடா சொல்றது?" என்று அவர் கேட்டாராம். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனவர், இவன் கிளம்புகிற வரைக்கும் வீட்டுக்குள் வரவில்லையாம்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்திருப்பேன் போல. அவன் கையைக் காட்டி நிறுத்தினான். கோபமாகக்கூடப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இத்தினி வருசமா பாய்லரப் பத்தி நீ எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. அதனாலதாம்பா நான் முன்னாடியே போட்டுப் பாக்கல" என்றான். அப்புறம் அடுப்புக் கதவைத் திறந்து விறகைத் தள்ளிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டான். "அவரு சொன்னப்போ எனக்குப் பத்து வயசு. நீ சொல்றப்போ அம்பது தாண்டிப்போச்சு. எனக்கு இன்னும் எத்தினி வயசானா எங்கிட்ட நெசத்தச் சொல்வீங்க?"

வேன் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. "வேன் போய்டும், போ" என்றான். அன்று வேனை விட்டுவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனேன். ரெண்டு ரயில் கண்ணெதிரே போனது, ஏறத் தோன்றவில்லை.

அவனுடைய அண்ணனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கிறேன், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ரெண்டு மூன்று முறை கேட்டுவிட்டேன். வேண்டாம் என்கிறான். அவர் உன்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டார், உட்கார வைத்துச் சோறு போடுவார், அதனால்தான் வேண்டாம் என்கிறான். அவன் மட்டும் மாதம் ஒரு முறை போய் வருகிறான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இருக்கிறது. சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக, "தாத்தா, கப்பல் வந்துச்சா?" என்று அவரைக் கேட்கிறார்களாம். அவரும் சிரிக்கிறாராம். இதை அவன் ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்களுக்குள்ளும் சண்டை இல்லை. இப்போதும் அவன் கால் மணி நேரம் முன்னாடி வருகிறான். ஊர்க்கதை பேசுகிறோம், மழை, ரயில், விலைவாசி என்று. பாய்லரைப் பற்றி நான் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்கிறான். கேட்ட பிறகு ஒருமுறை தானே போய்த் தண்ணீர் அளவைப் பார்க்கிறான், பம்பில் கை வைத்துப் பார்க்கிறான். முறைப்படி பார்த்தால் அப்படித்தான் செய்ய வேண்டும், நாங்கள்தான் இத்தனை வருஷம் செய்யாமல் இருந்தோம். அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் பையோடு நிற்பேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெரிய பேஜாராக இருக்கும்.

அவனுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை. அவன் தாங்குவானா மாட்டானா என்பதை அவனைக் கேட்காமல் நானே தீர்மானித்துவிட்டேன். அவனுடைய அண்ணனாவது அப்பாவுக்காக அழுகிற ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னார்; நான் நல்லவன் என்று பேர் வாங்கச் சொன்ன பொய், நான் பார்த்தேயிராத அந்த மனிதரை அவருடைய வீட்டிலேயே தலைகுனிய வைத்துவிட்டதே என்று நினைக்கும்போதெல்லாம், எடுத்த சோறு கையிலேயே நின்றுவிடுகிறது.